ஓம் என்றால் ஆம்

பொன்னம்பலத்தின் மகனுக்கு வயது ‘33, சொல்லுறது 29’ என்று எழுதியிருந்ததைக் கம்பியூட்டர் ஏற்க மறுத்தது.

நமசிவாயம் மூன்று தரம் அடித்துப் பார்த்தார். மூன்று தரமும் சிவப்பு எழுத்தில் ஒரே பதில்: ‘வயது எண்ணாக இருக்க வேண்டும்.’

வெள்ளவத்தையில் இருபது வருடமாகக் கல்யாணம் பேசி வைப்பவர் அவர். யாழ்ப்பாணப் பாதை மூடியபின் கொழும்புக்கு வந்து சேர்ந்த பெண்களும், கனடாவில் காத்திருந்த பெடியன்களும் பெருகிவிட, அவர்களின் விவரம் எழுதும் கொப்பிகள் போதாமல் போயின. அதனால்தான் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு மென்பொருள் செய்வித்தார். செய்து கொடுத்தவள் கொட்டாஞ்சேனை பிறிஜெற். இப்போது கூப்பிட்டதும் இரண்டு செக்பொயின்ற்றில் பையைத் திறந்து காட்டிவிட்டு, வியர்த்து வழிய வந்து சேர்ந்தாள்.

“அங்கிள், எந்த இடத்தில என்ன எழுதலாம் எண்டு ஒரு சட்டம் போட்டிருக்கன். ஸ்கீமா எண்டு சொல்லுறது. பொலிஸ் பதிவு போர்ம் மாதிரித்தான். வயதுக்கு வயது மட்டும்.”

“பொலிஸுக்கு உண்மையைச் சொல்லலாம், பிள்ளை. சம்பந்திக்குச் சொல்லேலுமோ?”

“அப்ப இருபத்தொன்பது எண்டு மட்டும் போடுங்களேன்.”

“பிறகு உண்மையை நான் மறந்துபோனா?”

பிறிஜெற் திரையில் அடுத்த வரிகளுக்கு இறங்கினாள். “தொழிலும் நிராகரிச்சிருக்கு. ‘மனேஜர் மாதிரி’ எண்டு ஒரு தொழில் இல்லை, அங்கிள்.”

“கனடாவில இருக்கு.”

நான்கு மணிக்குப் பொன்னம்பலத்தின் மகனுடைய மாமா பாலசுந்தரம் வருகிறார். டொரொண்டோவில் இருந்து இதற்கென்றே வந்தவர். திங்கட்கிழமை திரும்பிப் பறக்கிறார். ஐந்து மணிக்குப் பெண் வீட்டார். அதற்குள் விவரத்தாள் அச்சாகி இருக்க வேண்டும். இந்தச் சம்பந்தம் தவறினால், கம்பியூட்டர் வாங்கி நமசிவாயம் கெட்டார் என்று ஒழுங்கை முழுக்கக் கதைக்கும்.

பிறிஜெற் வயதுக்கான ஒரு கட்டத்தை இரண்டாக்கினாள். தொழில் பட்டியலில் ‘மனேஜர் மாதிரி’யைச் சேர்த்தாள். தாள் அச்சாகி வந்தது.

‘உண்மை வயது: 33. சொல்லும் வயது: 29.’

“ஐயோ, ரெண்டையும் சேர்த்துப் போட்டுக் குடுக்குதே!”

“பதறாதீங்க. அமைப்புப் பக்கத்தில ஒரு கேள்வி வைக்கிறன். ‘உண்மை வயதை மறைக்கவா?’ எண்டு கேட்கும். நீங்க பதில் அடிச்சாச் சரி.”

நமசிவாயம் ஒற்றை விரலால் ‘ஓம்’ என்று அடித்தார். அடுத்த தாளிலும் முப்பத்திமூன்று முன்னால் வந்து நின்றது.

“‘ஆம்’ அல்லது ‘இல்லை’தான் எடுக்கும், அங்கிள். வேற என்ன அடிச்சாலும் ‘இல்லை’ எண்டுதான் நினைக்கும்.”

“பிறந்த நாளில இருந்து நான் ஓம் எண்டுதான் சொல்லுறன்! கலியாணத்துக்கும் ஓம் எண்டுதான் சொன்னனான். என்ர சல்லியில செய்த மெஷினுக்கு நான் ஆம் எண்டு சொல்லோணுமோ?”

வாசலில் மணி அடித்தது. பாலசுந்தரம் பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டார். நமசிவாயத்தின் மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணி ஊற்ற ஓடினாள்.

மெஷினுக்குப் புதுக் கட்டளை எழுதப் பிறிஜெற்றின் விரல்கள் பறந்தன. அமைப்பிலோ குறிப்பிலோ எங்கே ‘ஓம்’ என்று கண்டாலும் அதை ‘ஆம்’ என்று எடுத்துக்கொள். ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அந்த ‘ஆம்’ஐ வைத்து நிரப்பிவிடு. சட்டம் மாறியது. தாள் வந்தது. வயது இருபத்தொன்பது. நமசிவாயம் அதற்கு மேல் ஒரு வரியும் வாசிக்கவில்லை.

“கெட்டிக்காரி!” என்றார். நாகேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு தாளையும் கொண்டு போனாள்.

பிறிஜெற் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், ஒவ்வொரு குறிப்புக்கும் மேல என்ன எழுதுவீங்க?”

“வேறென்ன? ஓம் முருகா.”

“‘முன்பு திருமணமானவரா?’ எண்ட இடத்தை?”

“அதை ஆர் நிரப்புறது? வெறுமையா விட்டிருப்பன்.”

“இப்ப அறுபத்திரண்டு மாப்பிள்ளைகளும் முந்தியே கலியாணம் முடிச்சவங்கள்.”

நமசிவாயம் வேட்டி தடுக்க முன்னறைக்கு ஓடினார். பாலசுந்தரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே பிடித்திருந்தார். தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

“ஐயா, குறை நினைக்கக்கூடாது! மெஷின் பிழை! முருகன் பேரை எழுதினதால வந்த வினை! உங்கட பெடியன் எண்டில்லை, எல்லாப் பெடியன்களுக்கும் அப்பிடித்தான் விழுந்திருக்கு. நான் இப்பவே வேற தாள் அடிச்சுத் தாறன்!”

பாலசுந்தரம் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பெண் வீட்டார் வந்துவிட்டார்களா என்று வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மற்றப் பெடியன்களுக்குப் பிழையா இருக்கட்டும். எங்கட பெடியன்ர கதையை ஆர் உங்களுக்குச் சொன்னது?”