ஜவரேகௌடா ஹகரத்தோடு பொருத படலம்

வாழ்க, மண்டியச் சீமையின் கரும்படர் கழனிகளுக்கோர் காவலன்! வாழ்க, காவிரிக் கால்வாயின் கரையெல்லாம் தன் செருப்போசை கேட்டுத் தவளையினம் வாயடங்கும் தகைமையோன்! வெல்லப்பாகு கொதிக்கும் பெருங்கொப்பரையின் முன் வெற்றுமார்போடு நின்று விறகுப்புகையை வீசுதென்றலென நுகரும் வீரன், இலை விரிந்தால் ராகிக் களியுருண்டைகளைப் பகைவர் தலைகளெனப் பிட்டு விழுங்கும் விறலோன், மீசையின் இருமுனையும் காதைத் தொட்டு நலம் விசாரிக்கும் நெடுந்தகை, வெல்லக்கொட்டகை அதிபன் ஜவரேகௌடாவின் புகழைப் பாடப் புகுகிறேன். சொல்லுக்கு அதிபதியான தாயே, என் நாவில் வந்து அமர்ந்தருள்வாய்! இந்த ஊரில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் கன்னடத்தைத் தமிழ் வாடையோடு பேசும் நாக்கு இது. உனக்கேற்ற இருக்கையில்லைதான், கொஞ்சம் அனுசரித்துக்கொள்.

இனிப் பகைவனைச் சொல்வேன். அவன் பெயர் ஹகரன். வாளில்லை, வேலில்லை, வயிறுகூடக் கிடையாது, வெறும் மூச்சு. முன்னொரு காலத்தில் கன்னட நாட்டாரும் நம்மைப் போலவே பாலைப் பால் என்றும் புலியைப் புலி என்றும் சொல்லிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். எங்கிருந்தோ படையெடுத்து வந்த இந்தப் பாவி, பகரத்தின் பிடரியில் கைவைத்துத் தள்ளிவிட்டுப் பால் இருந்த செம்பில் ஹாலையும், புலி இருந்த காட்டில் ஹுலியையும், பூ இருந்த கொடியில் ஹூவையும் குடியேற்றினான். நாடெல்லாம் பணிந்தது. மண்டியச் சீமை பணியவில்லை. போன பகரமும் வேண்டாம், வந்த ஹகரமும் வேண்டாம் என்று ஹாலை ஆலு என்றும் ஹுலியை உலி என்றும் விளித்து இன்றளவும் தன்மானத்தோடு வாழ்ந்துவருகிறது.

துரத்தப்பட்டவன் சும்மா இருப்பானா? அழைக்காத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவனைப் போல, தன்னைக் கூப்பிடாத சொற்களிலெல்லாம் புகுந்துகொண்டான். அக்கி என்றால் அரிசி, ஹக்கி என்றால் பறவை. மண்டியத்து வாயிலோ அரிசி ஹக்கியாகும், பறவை அக்கியாகும். இங்கே உலையில் பறவை வேகும், மரத்தில் அரிசி கூவும். யாருக்கும் ஒரு குழப்பமுமில்லை, எல்லாரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்கள்.

இத்தகு சீமையில், கரும்புவெட்டு ஓய்ந்த பருவத்தில், ஊரார் கூடி நகர மன்றத்தில் பகல் நாடகம் போடுவது வழக்கம். அதில் நம் தலைவன் தலைமுடி கறுத்திருந்த காலந்தொட்டு ஈட்டியேந்திய வாயிற்காவலனாகவே நின்றுவந்தான். அவனுடைய மனையரசியின் தமையன் துங்கேகௌடா என்னும் கடுமுகத்தான், "வாசல்ல நிக்கிறவனுக்கா எங்க தங்கச்சியைக் குடுத்தோம்?" என்று ஒரு விருந்தில் உரக்கவே கேட்டுவிட்டான். அந்தச் சொல் நம் வீரனின் மார்பில் முள்ளாகக் கிடந்தது. பாவம், அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இவ்வாண்டு விதி கண் திறந்தது. மூவுலகையும் நடுக்கும் அசுரவேந்தன் உக்கிரகேதுவின் வேடம் ஜவரேகௌடாவுக்கு வாய்த்தது. மைத்துனன் ஊரே டிராக்டர் கட்டிக்கொண்டு பார்க்க வருவதாகச் செய்தியும் வந்தது. ஆனால், அந்தோ! அசுரன் அவைக்குள் நுழைந்ததும் திக்கெட்டும் அதிர 'ஹா ஹா ஹா' என நகைக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதியிருந்தது. டீக்கடையில் ஊர்வம்பு கேட்டால் ஓடு பெயரச் சிரிப்பவன்தான். ஏட்டில் எழுத்தாகக் கண்டதும் நாக்கு தன் நாட்டுப்பற்றைக் காட்டிவிட்டது. "ஆ! ஆ! ஆ!" என்றான்.

ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார் நாடக ஆசான் கரிபசப்பா.

"கௌடரே, அசுரன் சிரிக்கணும். நீங்க பல்லு புடுங்குன மாதிரி கத்துறீங்க. மைசூர்லேருந்து பண்டிதர் வர்றாரு, என் மானம் போயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள சிரிப்பு வரலைன்னா வேஷம் சித்தராஜுவுக்கு. நீங்க ஈட்டியைப் புடிச்சிக்கிட்டு வாசலுக்குப் போங்க."

சித்தராஜு, அசுரனைக் கொல்லும் மன்னன் விஜயசேனனாக நடிப்பவன். பெங்களூரில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஹகரத்தைக் குற்றமறக் கற்றுத் திரும்பியவன். அவன் கடையில் ஹாலு கேட்டால் கடைக்காரன் அது என்ன புதுச் சரக்கு என்று விழிப்பான்.

அப்போது எழுந்தான் ஏறனையான் ஜவரேகௌடா. மீசையின் முனைகளை முறுக்கினான். வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி, எண்டிசைக் காவலரும் கேட்க இடிக்குரலில் சூளுரைத்தான்: "அந்த அகரத்தை அடக்காம நான் ஓயமாட்டேன்!"

"எதை?" என்றார் ஆசான்.

"அகரத்தை!"

"அது நம்ம பக்கத்து எழுத்துய்யா. எதிரி பேரு ஹகரம்."

"அதைத்தான் சொன்னேன். அகரம்."

பெயரே சொல்ல வராத பகைவனோடு போர் தொடங்கியது. கண்ணாடியை வாய்முன் வைத்துச் சொல்லவேண்டும், மூச்சாவி படிந்தால் ஹகரம், படியாவிட்டால் அகரம் என்று ஆசான் போர்முறை வகுத்துத் தந்தார். சுவரில் தொங்கிய கண்ணாடியைத் தலைவன் முற்றுகையிட்டான். பொட்டு வைக்க வழியின்றி மனையரசி தண்ணீர்த்தொட்டியில் முகம் பார்த்துக்கொண்டாள். ஹகரனோ கண்ணாடிக்கு வராமல் அடுக்களைக்குள் புகுந்தான். "ஹிலை போடு! ஹுப்பு குறையுது!" என்று தலைவன் கர்ஜித்தான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

வியாழன் காலை, கரும்பு வண்டிகளின் மாடுகளும் அசைபோடுவதை நிறுத்தி உற்றுக்கேட்க, கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஹா! வென்றேன் என்று விம்மிப் புடைத்த மார்போடு கொல்லைப்புறம் நோக்கி மனைவியை அழைத்தான். நம்மூர்ப் பொன்னம்மாள்தான் கன்னடத்தில் ஹொன்னம்மா. மணநாள் முதல் அவன் வாயில் அவள் ஒன்னம்மா. இன்று முதன்முதலாக, "ஹொன்னம்மா!" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி ஓடிவந்தாள். "யாரு வந்திருக்காங்க? ரேஷன் ஆபீசரா?"

"நான்தான்டி கூப்பிட்டேன்."

"நீங்களா! ஐயோ, பயந்தே போயிட்டேன். அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க, யாரோ வேற பொம்பளையைக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

வீரன் திகைத்தான். பகைவனை வென்று வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீட்டாள் ஏற்கவில்லை. நாக்கை மாற்றுவதா, மைத்துனனின் சொல்லைப் பொறுப்பதா என்று அன்று முழுவதும் கொப்பரையைக் கிண்டாமல் யோசித்ததில் ஒரு பாகு அடிப்பிடித்துப்போயிற்று. மைத்துனனே வென்றான்.

வந்தது நாடக நாள். பேரிகை முழங்க, ஜிகினாக் கிரீடம் விளக்கொளியில் மின்ன, தகரக் கவசம் தொப்பையில் தளும்ப, அசுரவேந்தன் அவைபுகுந்தான். முன்வரிசையில் மைசூர்ப் பண்டிதர். அவருக்குப் பின்னே கைகட்டி உம்மென்று துங்கேகௌடா. தலைவன் மூச்சை அடிவயிற்றிலிருந்து திரட்டிப் பிழையின்றி நகைத்தான்: "ஹா! ஹா! ஹா!"

பண்டிதர் தலையசைத்தார். மன்றமோ நிசப்தமாயிற்று. மண்டியத்தில் எந்த அசுரனும் இப்படிச் சிரித்ததில்லை. துங்கேகௌடா பதறி எழுந்தான். "யோவ், மச்சானுக்கு மூச்சு வாங்குதுய்யா! தண்ணி குடுங்க!"

சோடா வந்தது. அசுர மந்திரி கேடயத்தால் விசிறினான். அவமானத்தில் சிவந்து நின்ற தலைவனின் செவியில் பெண்கள் பக்கமிருந்து ஒன்னம்மாவின் குரல் விழுந்தது. "எதுக்குங்க இந்த வம்பு? நம்ம மாதிரியே சிரிங்க!"

சோடாப் புட்டியை வீசினான். கண்ணாடியையும் ஆவியையும் ஆசானையும் மறந்தான். கரும்புத் தோட்டத்தில் பன்றி விரட்டும் குரலெடுத்து, "ஆ! ஆ! ஆ!" என்றான். அடடா, என்ன சொல்வேன்! விசில் கூரையைப் பிய்த்தது; குழந்தைகள் அலறித் தாய் மடியில் புதைந்தன. இதுவல்லவோ அசுரன்!

இத்தோடு விட்டிருந்தால் நானும் மங்களம் பாடியிருப்பேன். கைவிடப்பட்ட ஹகரன் தொண்டைக்குள்ளேயே பதுங்கியிருந்தான். இறுதிப் போரில் விஜயசேனன் கதாயுதத்தால் மார்பில் அடித்தபோது, 'ஆ!' என்று அலறிச் சாயவேண்டிய அசுரன் வாய்திறந்தான். "ஹா! ஹா! ஹா!" என்று வந்தது. சிரித்துக்கொண்டே விழுந்தான், சிரித்துக்கொண்டே செத்தான்.

"ஒன்ஸ் மோர்!" என்று மன்றம் எழுந்து நின்றது. செத்தவன் எழுந்து மறுபடி சிரித்துச் செத்தான். மறுபடியும் கேட்டார்கள். "கையெல்லாம் வலிக்குதுய்யா, இந்த வாட்டியாவது முழுசா செத்துத் தொலைங்க," என்று விஜயசேனன் காதோரம் கெஞ்சினான்.

பரிசு அறிவித்தார்கள். "சிறந்த ஆஸ்ய நடிகர், ஜவரேகௌடா!" ஆசியாக் கண்டத்துக்கே சிறந்த நடிகர் என்று எண்ணி நான் எழுந்து நின்று கைதட்டினேன். பிறகுதான் புரிந்தது, அறிவித்தவரும் மண்டியத்துக்காரர். ஹாஸ்யம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். உலகை நடுக்க வந்தவனுக்குக் கோமாளிக்குரிய கோப்பை.

வீடு திரும்பும் வண்டியில் அவன் கிரீடத்தைக் கழற்றவில்லை. ஒன்னம்மாவிடம் சொன்னான். "நான் அசுரன்டி. என்னைப் பாத்து உங்கண்ணன் நடுங்கியிருக்கணும்."

"நடுங்கலை. கண்ணுல தண்ணி வர சிரிச்சான். பக்கத்துல இருந்தவனையெல்லாம் தட்டித் தட்டி, 'அது எங்க மச்சான்யா, எங்க மச்சான்'னு சொன்னான்."

"நெசமாவா, ஒன்னம்மா?"

"நெசமாத்தாங்க."

இவ்வாறாக, வெஞ்சமரில் வென்றும் தோற்றும், மடிந்தும் எழுந்தும், மைத்துனன் வாயால் மச்சான் எனப்பெற்ற மாவீரன், ஞாயிறும் திங்களும் நாணி ஒளிமழுங்கத் தன் தடக்கையில் ஏந்திவந்த பொன்முலாம் பூசிய அந்தப் பேரெழில் வெற்றிக்கோப்பையில் ஹொன்னம்மா கடுகு போட்டு வைத்திருக்கிறார்.