வறுத்த விதை முளைத்த கதை

பால்கனியில் மூன்று மண்தொட்டிகள் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே லிஃப்ட் மெக்கானிக் இரண்டடி பின்னால் போனார். தொட்டியில் மண் இருந்தது. மண் என்றால் அதற்குள் புழு இருக்கும். புழு என்றால் அவருக்குக் குலைநடுக்கம்.

இதை வெளியே சொல்ல முடியுமா? இருட்டுக் குழிக்குள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு திருகாணி முடுக்குகிற ஆள் அவர். "எங்கப்பாவுக்கு எதுக்குமே பயம் கிடையாது" என்று எட்டு வயது மகள் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறாள். ஆபீஸில் மேனேஜர் மதிப்பதில்லை. வீட்டில் மனைவி மதிப்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மிச்சம் இருந்தது மகள் கொடுத்த அந்த ஒரு பெயர்தான். அந்த மானமும் கப்பலேறிவிட்டால் மனுஷன் எந்த முகத்தோடு காலையில் பல் தேய்ப்பார்?

"இனிமே ஞாயித்துக்கிழமைன்னா அப்பாவும் பொண்ணும் தோட்ட வேலை," என்று அறிவித்தாள் மனைவி. பல் டாக்டரிடம் நர்ஸாக இருப்பவள். எதிராளியின் வாயை அடைப்பது அவளுக்குத் தொழில்.

"எதுக்கும்மா இப்ப இதெல்லாம்?"

"குழந்தைங்களோட சேர்ந்து செடி வளர்த்தா அவ்வளவு நல்லதாம். பொறுமை வருமாம். போனைத் தொட மாட்டாங்களாம். தானே வளர்த்த காய்னா மூஞ்சியைச் சுளிக்காம சாப்பிடுவாங்களாம்."

"மண்ணுல கை வெச்சா சளி பிடிக்கும்."

"மண்ணுல கை வெச்சாத்தான் உடம்புக்குத் தெம்பு."

"வெயில் வேற..."

"தொப்பி வாங்கிட்டேன்."

"எனக்கு இடுப்பு..."

"ஸ்டூலும் வாங்கிட்டேன்."

மெக்கானிக் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

மகள் அதற்குள் மண்ணைக் கிளற ஆரம்பித்திருந்தாள். "அப்பா! இங்க பாரு, ஒரு குட்டி!" என்று உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு மண்புழு, சோம்பல் முறிப்பதுபோல நெளிந்தது. மெக்கானிக் சிரித்த முகத்தை மாற்றாமல் பின்னால் நகர்ந்தார். முதுகில் சுவர் இடித்தது. அதற்குமேல் நகர இடம் இல்லை.

"ரொம்ப அழகா இருக்கு கண்ணு. அங்கேயே வெச்சிடு."

"தொட்டுப் பாருப்பா!"

"இரு இரு, ஆபீஸ்லேருந்து போன்," என்று சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். சட்டைப்பையில் போன் இல்லை. அது சார்ஜரில் கிடந்தது.

அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஒரு கை நீண்டால் எத்தனை போன்தான் வரும்? தோட்டத்தை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். இல்லை, முளைக்கவே விடக்கூடாது! விதைப்பது பீன்ஸ். வறுத்த பீன்ஸ் முளைக்காது. முளைக்காவிட்டால் குழந்தைக்கு அலுத்துவிடும், தொட்டிகள் இறங்கிப் போய்விடும். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் கீழே விளையாடப் போயிருந்தாள். மனைவி குளிக்கப் போனாள். மெக்கானிக் வாணலியை அடுப்பில் வைத்தார். பொட்டலத்திலிருந்த விதை அத்தனையையும் கருக வறுத்து, ஆறவைத்து, மறுபடி பொட்டலத்திலேயே போட்டு வைத்தார்.

"என்னங்க, ஏதோ வறுக்கற வாசனை வருது?" ஈரத்தலையோடு வந்து நின்றாள் மனைவி.

மெக்கானிக் வாணலியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "பக்கத்து வீட்டுல."

"அவங்க ஊருக்குப் போய் ரெண்டு நாளாச்சு."

"அப்ப மேல் வீடா இருக்கும்."

"நமக்கு மேல மொட்டைமாடிதாங்க இருக்கு."

"அங்க யாராவது..."

தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாள். அவள் பேசினாலே பயம்; பேசாமல் போனால் அதைவிடப் பயம்.

மறுநாள் அப்பா ஹாலில் நின்றபடியே மேற்பார்வை பார்க்க, மகள் விதைத்தாள். அதிலிருந்து தினமும் தண்ணீர் ஊற்றினாள். "விதை தூங்குதுப்பா, மெதுவா நட," என்றாள். தொட்டிமேல் குனிந்து ஏதோ ரகசியம் பேசினாள். கருகிப்போன பீன்ஸுக்கு என் குழந்தை கதை சொல்லிக்கொண்டிருக்கிறாளே, நானெல்லாம் ஒரு அப்பனா என்று மெக்கானிக் பாத்ரூமில் போய் நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை பால்கனிக்குப் போனவர் அப்படியே உறைந்துவிட்டார். மூன்று தொட்டியிலும் பச்சைப்பசேலென்று முளை!

தன் கையால் கருக்கிய விதை எப்படிப் பிழைத்தது? பார்த்தே ஆகவேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலை மண்ணுக்குள் விட்டார்.

குளிர்ச்சியாக, வழவழவென்று, விரலை ஏதோ சுற்றியது.

அவர் போட்ட அலறலில் எதிர்க் கட்டடத்தில் ஜன்னல்கள் திறந்தன. அம்மாவும் பெண்ணும் ஓடி வந்தபோது மெக்கானிக் வாஷிங் மிஷின்மேல் உட்கார்ந்திருந்தார். தரையில் புழு. மகள் அதைப் பதமாக எடுத்துத் தொட்டியில் விட்டாள்.

"அப்பாவுக்குக் கால் இடறிடுச்சு கண்ணு."

"வாஷிங் மிஷின் மேலயா இடறுனீங்க?" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது கிடக்கட்டும்! வறுத்த விதை எப்படி முளைச்சுது, அதைச் சொல்லு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அது எங்க முளைச்சுது? அதைக் குப்பையில கொட்டிட்டு நல்ல விதையை மாத்தி வெச்சேன். அடுத்த தடவை வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைங்க."

"அப்ப எனக்குப் புழுன்னா பயம்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெங்க தெரியும்? உங்க பொண்ணு சொல்லித்தான் தெரியும். காலிஃபிளவர்ல புழுவைப் பார்த்துட்டு நீங்க தட்டோட ஜன்னல் வழியா வீசினீங்களாமே? அப்பா பயத்தைப் போக்கணும், தோட்டம் போடலாம்மான்னு கேட்டதே அவதான். பொறுமை, தெம்பு எல்லாம் நான் சேர்த்துக்கிட்டது."

மெக்கானிக் மகளைப் பார்த்தார். "அப்போ ஸ்கூல்ல..."

"அங்க அப்படியேதான் சொல்லிட்டிருக்கேன்ப்பா. அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள சரியாயிடும்," என்று மகள் அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். "இன்னிக்கு இது போதும். நாளைக்கு இதைவிடச் சின்னப் புழுவா பார்த்து ஆரம்பிக்கலாம்."