மாமாவின் அறுபதுக்கு நான் கொண்டுபோன காவலன்

நடந்ததை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான்:

1. டேனியலின் அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்தது.
2. அவர் குடும்பத்தை நான் முதன்முதலாகச் சந்திக்கப் போனேன்.
3. ஒரு பரிசு கொண்டுபோனேன்.
4. அதை விளக்கி ஒரு சிற்றுரை ஆற்றினேன்.
5. உரையாற்றும்படி என்னை யாரும் கேட்டிருக்கவில்லை.

மூன்றாவதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பியிருப்பேன். ஆனால் படித்துத் தயாராகிப் போனவளை நிறுத்துவது கடினம்.

நான் சாலைப் பொறியாளர், மனுகா நகரில் வேலை. டேனியல் சீனக் குடும்பத்துப் பையன், அதே அலுவலகத்தில் பாலங்கள் பிரிவு. இரண்டு வருடப் பழக்கம். அவன் பெற்றோர் சம்மதித்தால்தான் திருமணம் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அன்று மதிய விருந்து முடிந்ததும் அவன் பேச்சை எடுப்பதாகத் திட்டம். "அப்பாவுக்குச் சீன வரலாறுன்னா உயிர். அதிலயும் சின் வம்சம்" என்று அவன் சொன்னதுதான் தாமதம், மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்தேன். படிக்கப் படிக்க அந்த முதல் பேரரசர்மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது. (டேனியலுக்குத் தெரியும்.) அடித்துக்கொண்டிருந்த நாடுகளை ஒன்றாக்கியதோடு விடாமல், எடைக்கல், எழுத்து, வண்டி அச்சின் நீளம் வரைக்கும் ஒரே அளவாக்கிய மனிதர்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சாலைக்குத் தரநிர்ணயம்! எக்செல்லில் நாற்பத்திரண்டு வரி குறிப்பெடுத்தேன்.

பரிசும் அந்தப் படிப்பில் முளைத்ததுதான். பேரரசரின் சுடுமண் படைவீரர்களில் ஒருவனைப் போல முழங்கால் உயரச் சிலை. பக்கத்து ஊரான பாபகூராவில் வீடு மாறிப்போன ஒருவரிடம் வாங்கினேன்.

யாழ்ப்பாணத்துக்காரியான என் அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "என்ன பிள்ளை, அறுபதாம் கலியாணத்துக்கு உதை உப்பிடியே மொட்டையாக் குடுக்கிறதே?"

"கலியாணம் இல்லையம்மா, பிறந்தநாள்."

"ரெண்டும் ஒண்டுதான். கொஞ்சம் நில்."

சிலையின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். அதுவரை விறைப்பாக நின்ற வீரன், கோயில் தேர் பார்க்கப் புறப்பட்டவன்போல ஆகிவிட்டான். முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன்.

உணவகத்தில் சுழல்தட்டு வைத்த வட்ட மேசை. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். பொதியைப் பிரித்து, எழுந்து நின்றேன்.

"அங்கிள், இந்த வீரர்களைப் பேரரசரோட புதைச்சாங்க. செத்த பிறகு அவரைக் காவல் காக்கிறதுக்கு."

சுழல்தட்டு நின்றது. கவனமாகக் கேட்கிறார்கள் என்று மகிழ்ந்து அடுத்த குறிப்புக்குப் போனேன்.

"அவருக்குச் சாகவே விருப்பமில்லை. ஆயுளுக்கு மருந்து தேடினார். பாதரச மாத்திரை சாப்பிட்டுத்தான் செத்தார்னும் சொல்றாங்க. ஐம்பதைக்கூடத் தொடல."

அங்கிள் வாய்வரை கொண்டுபோன இரத்த அழுத்த மாத்திரையை மெதுவாகக் கீழே வைத்தார். டேனியல் என் காலை மிதித்தான். (உற்சாகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.)

"பிறகு மகன் வந்தான். மூணே வருசத்தில எல்லாத்தையும் நாசமாக்கினான்."

எல்லோரும் டேனியலைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லநாளில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கின் சாமான்களை ரிப்பன் கட்டிக் கொண்டுபோனால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருக்கிறேன். கூடவே பயன்படுத்தும் முறையையும் விளக்கியிருக்கிறேன்.

"இது நம்ம வீட்டுக்குள்ள வராது" என்றார் டேனியலின் அம்மா.

திருமணம் போயிற்று என்றே நினைத்தேன். அங்கிள் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரரசருக்கு மொத்தம் எத்தனை வீரர்கள்?"

"எட்டாயிரம் இருக்கும், அங்கிள்."

"எனக்கு ஒருத்தன்தானா?"

முதலில் சிரித்தவரும் அவர்தான். மேசையே குலுங்கியது. ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை; சிலையின் நெற்றியைச் சுட்டினார்.

"இது என்ன சிவப்பு?"

"எங்க அம்மா வச்சது, ஆன்ட்டி. போற வீட்டுக்கு நல்லது நடக்கணும்னு."

"உன் அம்மாவுக்கு எங்களைத் தெரியாதே."

"தெரியாது."

"தெரியாமலே நல்லது நினைச்சாங்களா?" குங்குமத்தை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார். "சரி. தோட்டம் வரைக்கும் வரட்டும்."

பிறகு மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளியெடுத்து என் தட்டில் வைத்தார். டேனியல் என் காதில் சொன்னான்: "அது எப்பவும் அப்பாவுக்குத்தான். இப்பவே பேச்சை எடுக்கிறேன்."

எடுத்தான். அடுத்த வருடம் எங்களுக்குத் திருமணம் ஆயிற்று. ஒவ்வொரு பிறந்தநாளிலும் மாமா தோட்டத்தில் நிற்கும் வீரனைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தி, "உனக்கு இன்னும் வேலை வரலப்பா" என்கிறார். புதிதாக வரும் விருந்தாளிகளுக்கு என் உரை முழுவதும் நடித்துக் காட்டப்படுகிறது; மகனைப் பற்றிய வரி வரும்போது டேனியல் எழுந்து வணங்கவேண்டும். குடும்ப விருந்துகளில் நான் உரையாற்றத் தடை உள்ளது.

மாமாவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. சுகமாக இருக்கிறார்.