மச்சானுக்கு மருந்து வைத்தவன்

எனக்குக் கோபமே வராது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பொய். முப்பது வருடமாக ஒருவன் மேல் எனக்கு ஆறாத கோபம். வயது இருபத்து மூன்று, சுருட்டை முடி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற வேலை. மருந்துக் கடை வாசலில் நாலு தடவை நின்றதிலேயே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு. அவன் நான்தான். இன்று கையில் கிடைத்தால் பளாரென்று ஒன்று விடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரீத்தா அக்காவின் கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் என் கெண்டைக்காலைக் கிழித்தது. மறுநாள் கால் சிவந்து, வீங்கி, தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஆவடியில் எங்கள் டாக்டரம்மாவிடம் போனேன்.

"பென்சிலின் போட்டு எப்பவாவது தடிப்பு, அரிப்பு வந்திருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் செஃபலெக்சின் என்று ஒரு ஆன்டிபயாடிக் எழுதினார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு கேப்சூல், ஏழு நாள்.

"கால் நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தாதே. மிச்சம் இருக்கிற கிருமி மறுபடி கிளம்பும். புரியுதா?"

பெரிதாகத் தலையாட்டினேன். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. நிறுத்திவிட்டேன். (எதிரியே ஓடிப்போன பிறகு யாரைச் சுட?) மிச்சக் கேப்சூல்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகாதா என்று அலைந்தேன்.

போயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மாப்பிள்ளை பீட்டர் நசரத்பேட்டையிலிருந்து எங்கள் மாதா கோயிலுக்கு, பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார். ஓயாத தும்மல், ஒழுகும் மூக்கு.

"இன்னா மச்சான், மூக்க உறிஞ்சிக்கினே தாலி கட்டப் போறியா? இத்தப் போடு. இப்ப ஒண்ணு, காலையில ஒண்ணு. என் கால் வீக்கமே ஓடிப்போச்சு, ஒன் ஜலதோஷம் எம்மாத்திரம்?"

"ஒண்ணும் ஆவாதே?"

"என்னிய நம்பு மச்சான்."

பாவம், நம்பினார்.

மறுநாள் காலை கோயில் வாசலில் காரிலிருந்து இறங்கியவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. உதடுகள் இரண்டும் போண்டா. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடு. கழுத்திலிருந்து காது வரை தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு. கோட்டுக்குள் கையை விட்டுப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார். வெள்ளைப் புடவையில் நின்ற அக்கா அப்படியே விறைத்துப்போனாள்.

பின்னாலேயே இறங்கிய அவர் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"எம் புள்ளைக்கு மருந்து வெச்சிட்டாங்க! நேத்து இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்துதான் இப்படிக் கீறான்! இந்தச் சம்பந்தமே வாணாம், வண்டியத் திருப்புங்க!"

அதிர்ந்து பேசாத என் அப்பாவுக்கு நரம்பு புடைத்தது.

"யாரப் பாத்து இன்னா பேசறீங்க? மருந்து வைக்கிற குடும்பமா நாங்க? எங்க ஊட்ல எவன் மருந்து வெச்சான்? காட்டுங்க பாப்போம்!"

பீட்டர் மச்சான் சொறிவதை நிறுத்தி, விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

அப்பாவின் செருப்பு எப்போது கழன்றது என்று நான் பார்க்கவில்லை. முதுகில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

அதே காரில் மாப்பிள்ளையை டாக்டரம்மாவிடம் கொண்டு ஓடினோம். மூச்சு விடக் கஷ்டமா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் ஊசி போட்டார். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டபோதும் இப்படித்தான் தடித்தது என்று மச்சான் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இதை இவன்கிட்ட சொல்லலையா?"

"அவன் கேக்கலியே டாக்டர்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"ஜலதோஷத்துக்கு இந்த மாத்திரை வேலையே செய்யாது. பென்சிலின் ஒத்துக்காத சிலருக்கு இதுவும் ஒத்துக்காது. அதுக்குத்தான்டா உன்னை அன்னைக்குக் கேட்டேன்! தொண்டை வீங்கியிருந்தா மூச்சே அடைச்சிருக்கும். உங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியே விதவை. இது என்ன கிறிஸ்துமஸ் கேக்கா, ஊருக்கெல்லாம் பங்கு போட?"

நொண்டியபடி வெளியே நகர்ந்தேன். அவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"நில்லு. காலைக் காட்டு."

கால் மறுபடி பழையபடி வீங்கியிருந்தது. மறுபடி ஏழு நாள், முதலிலிருந்து.

கல்யாணம் இரண்டு மணி நேரம் தாமதமாக நடந்தது. புகைப்படக்காரர் மாப்பிள்ளையைக் கூடிய மட்டும் பக்கவாட்டிலேயே எடுத்தார். அந்த ஆல்பத்தை யார் திறந்தாலும் எனக்கு இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது. எனக்கு வில்சன் என்று ஒரு பெயர் உண்டு. அது என் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். குடும்பத்தில் நான் 'மருந்து வெச்ச மாமா'.

போன மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பீட்டர் மச்சான் என் தோளில் கையைப் போட்டு, வரப்போகும் மருமகனிடம் சொன்னார்: "மாப்ளே, இவரு பொண்ணுக்குத் தாய்மாமன். தங்கமான மனுசன். கையால குடுத்தா மட்டும் எதையும் வாங்கி வாயில போட்டுக்காதீங்க."

நான் ஜூஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பையன் எடுத்த தம்ளரைச் சத்தமில்லாமல் தட்டிலேயே திருப்பி வைத்தான்.