கணவனை வெளியேற்றிய படலம்

வாழ்க அவள்! உச்சி வெயிலே வெண்கொற்றக் குடையாக, தெருநாய்களே மெய்க்காவல் படையாக, வீடு வீடாக ஏறி இறங்கி, "திட்டத்தால் உங்கள் வாழ்வு மாறியதா?" என்னும் ஒற்றைக் கேள்வியால் மாந்தர்தம் மனக்கோட்டைகளை முற்றுகையிடும் மறக்குல மங்கை, தேயாத பொறுமையும் தேய்ந்த செருப்பும் உடையாள், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டும் தாங்கிய கணக்கெடுப்புக்காரி வாழ்க! அவள் புகழ் பாட வந்த நமக்கும் தொண்டை கட்டாதிருக்கட்டும்.

போருக்குக் காரணம் சொல்வோம். பெண்கள் கையில் தொழில் இருந்தால் மனை செழிக்கும் என்று துணிந்த தொண்டு நிறுவனம் ஒன்று, ஆறு மாதம் தையல் பயிற்சி அளித்து, முடித்தவர்க்கு ஆளுக்கொரு மிஷினும் ஈந்தது. ஈந்ததால் விளைந்தது என்ன என்று ஆராயப் புறப்பட்ட குழுவுக்கு வேதவாக்கு ஒன்றே: பயிற்சி பெற்றவரைத் தனியே கேள், வாழ்க்கைத்துணையின் நிழலும் அவ்வறையில் விழலாகாது. விழுந்தால் பேட்டி செல்லாது. ஒன்று செல்லாமற் போனாலும் தெரு முழுவதையும் முதலிலிருந்து கேட்கச் சொல்வார் மேற்பார்வையாளர். இதுவோ தெருவின் கடைசி வீடு.

அவ்வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் வீற்றிருந்தது மிஷின். அதன் அருகே, ஸ்டூலுக்கு ஐந்தாவது காலாக முளைத்தவன்போல் அமர்ந்திருந்தான் கணவன். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்த மனைவி, முகம் கழுவிய ஈரம் காயாமல் பாயில் உட்கார்ந்தாள்.

"பயிற்சி எப்படி இருந்துச்சுங்க அக்கா?"

"பிரமாதமா இருந்துச்சுங்க. டீச்சர் தங்கமானவங்க" என்று முழங்கினான் கணவன்.

பொங்கியது வீராங்கனையின் சினம். ஆயினும் புன்னகை என்னும் கேடயத்தை முன்னிறுத்தி, "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்று முதற்கணையைத் தொடுத்தாள். அவனோ எழாமலே பின்னால் கைநீட்டி, பாட்டிலை எடுத்து நீட்டினான். "அடையாள அட்டை ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துட்டு வர்றீங்களா?" என்று இரண்டாம் கணை பறந்தது. அவன் சட்டைப்பையிலிருந்து இரண்டு பிரதிகள் வெளிப்பட்டன. "வெளிய யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே?" என்று, அறம் வழுவிய மூன்றாம் கணையையும் எய்தாள். "கூப்பிடட்டுங்க" என்றான் அவன், மிஷினின் சக்கரத்தில் கை வைத்தபடி. அம்பறாத்தூணி காலி. கொடுத்த தண்ணீரைக் குடிப்பதைத் தவிர வீராங்கனைக்கு வேறு வழியில்லை.

அப்போது பாயிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. மாடியில துணியை எடுங்க."

வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. ஆனால் மூன்று கணைக்கும் அசையாத அம்மலை எழுந்தது, வாசல்வரை சென்றது, மிஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தது, படியேறியது. வெற்றி, வெற்றி! முரசு இல்லாத குறையை, வீராங்கனை படாரெனச் சாத்திய கதவு தீர்த்து வைத்தது. டேப்லெட்டை உயர்த்தினாள்.

"இப்பச் சொல்லுங்க அக்கா. என்னென்ன தைக்கக் கத்துக்கிட்டீங்க?"

மனைவி மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். குரல் இறங்கியது. "உண்மையைச் சொன்னா மிஷினை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"என்ன விஷயம்? சொல்லுங்க."

"நான் ஒரு நாள்கூட கிளாசுக்குப் போகலைம்மா. பேர் குடுத்த வாரமே கம்பெனியில வேலை கிடைச்சிடுச்சு. இவருக்கு அப்ப வேலை போயி, வீட்டுலதான் இருந்தாரு. இடம் வீணாகுதேன்னு என் பேர்ல இவரு போனாரு. அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தை ஆம்பளை. தெருவே சிரிச்சுது. அன்னிக்குச் சிரிச்சவங்க வீட்டுப் பிள்ளைங்க யூனிபார்ம் எல்லாம் இப்ப இவருதான் தைக்கிறாரு. மிஷின் போச்சுன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு."

அந்தோ! யாரைத் தேடி வெயில் கடந்து, நாய் கடந்து வந்தாளோ, அவனையே துரத்தத்தான் தண்ணீர் முதல் பொய் வரை அத்தனை ஆயுதத்தையும் செலவிட்டிருக்கிறாள். அவன் ஸ்டூலைப் பற்றிக்கொண்டிருந்தது ஆணவத்தால் அன்று, அச்சத்தால். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"திட்டத்துல பலன் கிடைச்சுதான்னு கேக்கத்தான் வந்தேன் அக்கா, மிஷினைத் தூக்கிட்டுப் போக இல்ல" என்று பிரகடனம் செய்து கதவைத் திறந்தாள். வெளியே, மொறமொறவென்று காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான் நாயகன்.

"உள்ள வாங்க அண்ணே. பேட்டி உங்ககிட்டதான்."

அவன் வந்து ஸ்டூலில் அமர்ந்தான். துணிகளை மடியில் வைத்துக்கொண்டான். டேப்லெட்டின் திரை ஒளிர்ந்தது. வேதவாக்கு நினைவுக்கு வர, வீராங்கனை பாயின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

அக்கா எழுந்து வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.