மெல்போர்ன் ஏலத்துக்கு அரியலூர் வர்ணனை

அரைகுறையாக ஆங்கிலம் தெரிந்தவனால் அவனுக்கு மட்டும்தான் நஷ்டம். அவனுக்கு முழுதாகத் தெரியும் என்று குடும்பமே நம்பிவிட்டால் தெருவுக்கே நஷ்டம். எங்கள் வீட்டில் அப்படி நம்பப்பட்டவன் நான்.

தங்கை கவிதா கல்யாணமாகி மெல்போர்ன் போனவள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை இருந்தது, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், சொந்த வீடுதான் இல்லை. வருடக்கணக்காகத் தேடினார்கள். சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், வரிசையில் நின்று, அடுத்தவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏலத்தில் தோற்றுத் திரும்புவார்கள். இவர்கள் சேமிப்பு ஒரு படி ஏறினால் வீட்டு விலை மொட்டை மாடிக்கே ஏறியிருக்கும். (வீட்டை ஏலம் விடுகிறார்கள் என்றதும் அப்பா, பேங்க்காரன் ஜப்தி செய்ததா என்று கேட்டார். இல்லை, நல்ல வீட்டையே அப்படித்தான் விற்பார்கள் என்று சொன்ன பிறகு அவர் எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டி வைத்தார்.)

அந்தச் சமயத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டையும் உரிமையாளர் விற்கப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதனால் அந்தச் சனிக்கிழமை ஏலம் எல்லோருக்கும் பெரிய விஷயமாகிவிட்டது. போனில் நேரலையாகக் காட்டுகிறேன் என்றாள் கவிதா. அரும்பாவூர் சித்தப்பா முதல் நாளே வந்து தங்கிவிட்டார். அங்கே பகல் பதினொன்று. இங்கே அரியலூரில் பால்காரர் வந்துபோன நேரம். அம்மா, அப்பா, சித்தப்பா மூவரும் போனைப் பார்த்து உட்கார, நான் நடுவில் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர்.

கோட்டு போட்ட ஒருவர் வாசலில் நின்று ஏலம் விட்டார். எங்கள் பக்கத்துக் கோயில் எலுமிச்சம்பழ ஏலத்தைக் கேட்டவர்களுக்கு அந்த வேகம் புதிதில்லை. என்ன, அது தமிழில் நடக்கும். எனக்கு இரண்டு வார்த்தைக்கு ஒன்று புரிந்தது. (மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கவிதா கூட்டத்துக்குப் பின்னால் நின்று பிடித்ததால் முதுகுகள்தான் தெரிந்தன. முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் அடிக்கடி கை தூக்கினார்.

“மாப்பிள்ளதான?” என்றார் அப்பா.

“அவருதாம்ப்பா. வுட மாட்டாரு” என்றேன்.

அதன் பிறகு என் வர்ணனைக்குக் கரை இல்லை. நீலச் சட்டை கை தூக்கும்போதெல்லாம் அம்மா கலியுக வரதராசப் பெருமாளைக் கூப்பிட்டாள். கடைசியில் அந்தக் கோட்டுக்காரர் கையை ஓங்கித் தட்ட, எல்லோரும் கைதட்ட, அத்தோடு போன் கட்டாகிவிட்டது.

“முடிஞ்சிருச்சி. வூடு நம்மளுது” என்றேன்.

அம்மா அழுதாள். அப்பா என் தோளைத் தட்டினார். (அதற்கு முன்னும் பின்னும் தட்டியதில்லை.) காலைப் பலகாரத்தோடு கேசரி வந்தது. அம்மாவும் அப்பாவும் கல்லங்குறிச்சி போய் அந்தப் பெருமாளுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள். நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் கவிதாவின் மாமியாருக்கும் நானே போன் போட்டு, கிழக்குப் பார்த்த வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சித்தப்பா பெரம்பலூரில் தெரிந்த கடையில் ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார். ‘ஆஸ்திரேலிய மண்ணில் இல்லம் கண்ட எங்கள் குலவிளக்கே’ என்ற வாசகம் அடியேனுடையது.

ஃபிளெக்ஸை வாசலில் கட்டிக்கொண்டிருந்தபோது கவிதா கூப்பிட்டாள். அதுவரை அவள் போன் ஸ்விட்ச் ஆஃப்.

“ஏண்ணே, எங்க அத்த போன் பண்ணி, கெழக்குப் பாத்த வூடாங்கறாங்க. எந்த வூடுண்ணே?”

“இன்னைக்கிக் கெலிச்சதும்மா.”



“நாங்க வாயே தொறக்கலண்ணே. ஆரம்பிச்ச வெலையே எங்களுக்கு மேல.”

“அப்ப அந்த நீலச் சட்ட?”

“அது யாரோ. இவரு எம் பக்கத்துல சின்னவன தூக்கிக்கிட்டு நின்னாரு.”

வர்ணனையை நான் ஒப்புக்கொண்டதும் அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய் ஓரிடத்தில் அழுகையானது. அம்மா போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினோம். பிறகு வீடு வீடாகப் போய், கொடுத்த நல்ல செய்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். லட்டு கொடுப்பதைவிட அது அதிக நேரம் பிடிக்கிற வேலை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான், பரவாயில்லை சார், லட்டு நல்லாயிருந்தது என்றார்.

கவிதா வேறொரு வாடகை வீட்டுக்கு மாறினாள். மறு வருடம் ஒரு சின்ன வீடு அமைந்தது. அரியலூரில் குடியிருந்துகொண்டு திருச்சிக்கு வேலைக்குப் போகிற மாதிரி தூரம். இருவரும் தினமும் போய் வருகிறார்கள். கடன் அடையும்போது சின்னவனுக்குக் கல்யாணமாகியிருக்கும் என்கிறார் மாப்பிள்ளை.

அந்தச் செய்தியை அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சாவியக் காட்டச் சொல்லு” என்றார்.

கவிதா வீடியோவில் சாவியைக் காட்டினாள். அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே போகச் சொல்லி, குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

இன்றுவரை என் சொல்லுக்கு எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில், பெரம்பலூர் பஸ் வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

“சாவியக் காட்டுங்க” என்றாள்.

பஸ் போய்விட்டது.