தூங்காம படுத்திருந்த மத்தியானம்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல அன்னிக்குத்தான் நானா ஒரு முடிவு எடுத்தேன். இன்னிக்கு மத்தியானம் தூங்கக் கூடாது. ஆனா தூங்குற மாதிரியே படுத்திருக்கணும். என் நெஞ்சுல கட்டியிருக்கிற மிஷினுக்கும் தெரியக் கூடாது, பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்டாட்டிக்கும் தெரியக் கூடாது.

எதுக்கய்யா இந்த வேலைன்னு கேப்பீங்க. சொல்றேன்.

பேரு அழகுபாண்டி. வீடு பரவை. பன்னெண்டு சக்கர லாரி ஓட்டுறேன். நாசிக்ல வெங்காயம் ஏத்தி பரவை மார்க்கெட்டுல இறக்குறது நம்ம லைன். டீக்கடையில பத்து டிரைவர் நின்னாலும், "நாசிக் அண்ணனுக்கு மொதல்ல குடுப்பா"ன்னு சத்தம் வரும். அந்த மருவாதியில போன வாரம் மண்ணு விழுந்துச்சு. டோல்கேட் வரிசையில நின்னேன். முன்னால இருந்த வண்டி போயிருச்சு, நான் போகல. பின்னால நாப்பது வண்டிக்காரன் ஆரன் அடிச்சிருக்கான். கடைசியில டோல்கேட் பய ஏறி வந்து கண்ணாடியத் தட்டுறான்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"யோசிச்சுக்கிட்டு இருந்தேன்டா."

"வாயத் தொறந்துக்கிட்டா?"

எவனோ ஒரு எடுபட்ட பய அதை வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிட்டான். முதலாளி பீமாராவ் நல்ல மனுசன். கோவப்படல. "அழகு, தூக்கத்த டெஸ்ட் பண்ணி டாக்டர் பேப்பர் கொண்டா. பேப்பர் சரியில்லன்னா நாசிக் லைன் வேற ஆளுக்கு"ன்னு சொல்லிட்டாரு. அதுக்குக் கோவமே பட்டிருக்கலாம்.

என் பொண்டாட்டி கனகாவுக்கு ஒரே சந்தோசம். ரெண்டு வருசமா அவ பாடுற பாட்டு இதுதான்.

"நீங்க கொறட்டை விடுறது எனக்குப் பழகிப்போச்சுங்க. திடீர்னு நிக்குது பாருங்க, அதுதான் பயமா இருக்கு. மூச்சே இருக்காது. நான் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவேன். இருபத்தஞ்சு வரைக்கும் போகும். அப்புறம் கெர்ருனு வண்டி ஸ்டார்ட் ஆகும்."

"அம்புட்டு நேரம் மூச்சு இல்லேன்னா நான் செத்துல்ல போயிருக்கணும்?"

"அதை நெனச்சுத்தான் நான் தூங்காமக் கெடக்கேன்."

ஆரப்பாளையத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டர் பேரு மாதங்கி. கையடக்கமா ஒரு பெட்டியக் குடுத்தாங்க. அதோட பெல்ட்ட நெஞ்சுல கட்டணும், மூக்குல ஒரு குழாய், விரல்ல ஒரு கிளிப்பு.

"தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நிக்குதான்னு இது பதிஞ்சு வச்சுக்கும். நீங்க எப்பத் தூங்குவீங்களோ அப்ப மாட்டுங்க."

"நான் பகல்லதான் டாக்டர் தூங்குவேன்."

"அப்பப் பகல்லயே மாட்டுங்க. வழக்கம்போலத் தூங்குங்க, அது போதும்."

வழக்கம்போலத் தூங்குனா லைன் போயிரும். தூங்காமப் படுத்திருந்தா? மூச்சு சீரா வரும், பேப்பர் சுத்தமா வரும். முழிச்சிருக்கிறதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? நாசிக்ல இருந்து பரவை வரைக்கும் முழிச்சே வந்தவன்யா நான். வீட்டுக் கட்டில்ல மூணு மணி நேரம் முழிச்சிருக்க மாட்டனா?

மறுநாள் பதினோரு மணிக்குச் சாப்பிட்டேன். பன்னெண்டுக்குப் படுத்தேன். கனகா சட்டைக்கு மேலயே பெல்ட்டக் கட்டி, குழாய மாட்டி, கிளிப்பப் போட்டா. கண்ண மூடுனேன். மூச்ச மெதுவா இழுத்து மெதுவா விட்டேன். கொறட்டை கிடையாது, இருமல் கிடையாது. அம்புட்டு மரியாதையான தூக்கம். கனகா கட்டிலோரமா உக்காந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சா.

"என்னங்க."

நான் மூச்ச இன்னும் மெதுவா விட்டேன்.

"தூங்கிட்டீங்களா?"

'ஆமா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. கடிச்சு நிறுத்துனேன்.

"ஆத்தாடி, இம்புட்டு அமைதியா நீங்க தூங்கி நான் பாத்ததே இல்ல. சரி, தூங்குங்க. நான் பாட்டுக்குப் பேசுறேன். வேணாம்னா வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லலேன்னா சரின்னு எடுத்துக்குறேன். எங்கம்மாவ ஒரு மாசம் இங்க வந்து இருக்கச் சொல்லட்டுமா?"

ஒரு மாசமா! போன தடவை நாலு நாள் இருந்துச்சு அந்தம்மா. நான் முதலாளி கையில கால்ல விழுந்து கல்கத்தா லோடு வாங்கிட்டு ஓடுனேன்.

"பதில் இல்லையா? அப்ப ரெண்டு மாசமா இருக்கட்டும். அப்புறம், நான் ஸ்கூட்டி பழகப் போறேன். நான் ஓட்டுவேன், நீங்க பின்னாடி உக்காந்து வாரீங்க. மார்க்கெட்டுக்கே போவோம்."

பன்னெண்டு சக்கரம் ஓட்டுறவன் ரெண்டு சக்கரத்துல பின்னாடி உக்காருறதா? அதுவும் மார்க்கெட்டுக்கா? என்னைக் கேக்காமக் கால் கட்டைவிரல் ஆடிருச்சு.

"என்னது, கால் ஆடுது?"

கொசு கடிச்ச மாதிரி காலைத் தேச்சேன்.

"பட்டப்பகல்ல கொசுவா? இருக்கும், இருக்கும். இன்னொண்ணு, ரோட்டுக்கடை பரோட்டாவும் சால்னாவும் இன்னியோட சரி. டாக்டரம்மா ஒடம்பக் கொறைக்கச் சொல்லியிருக்காங்க. இதுக்கும் பதில் இல்ல. சரி."

பாவி. தூங்குறவன் தலைமாட்டுல உக்காந்து பேசுற பேச்சா இது? அப்புறம் அவ சத்தம் எறங்கிருச்சு.

"நாசிக் லைன் போனாப் போகுதுங்க. நீங்க இருந்தாப் போதும் எனக்கு. அன்னிக்கு வண்டி வரிசையில நின்னுச்சு, சரி. ஓடிக்கிட்டு இருக்கும்போது கண்ண மூடியிருந்தா? நானும் புள்ள திவ்யாவும் என்னத்தங்க செய்வோம்? அவ இப்பத்தான் காலேஜுல காலெடுத்து வச்சிருக்கா."

எந்திரிச்சு, 'அழாத புள்ள'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா பேப்பர் போயிரும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவ பேசிக்கிட்டே இருந்தா. காத்தாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு. நானும் முழிச்சே இருந்தேன்.

"என்னங்க, மூணரை ஆச்சு. எந்திரிங்க."

கிளிப்பக் கழட்டுனா. நேரம் போனதே தெரியல. ஜெயிச்சிட்டேன்னு உள்ளுக்குள்ள ஒரே குதியாட்டம்.

"நல்லாத் தூங்குனீங்களா?"

"பிரமாதம்."

அன்னிக்கு சாயங்காலமே, போட்ட சட்டையோட ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பெட்டியக் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தாங்க. பாத்துட்டு என்னைப் பாத்தாங்க.

"பன்னெண்டே முக்காலுக்குத் தூங்கியிருக்கீங்க. மணிக்கு நாப்பத்தோரு தடவை மூச்சு நின்னிருக்கு."

"மிஷின் ரிப்பேரு டாக்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் தூங்கவே இல்லையே!"

சொன்ன பெறகுதான் என்ன சொன்னோம்னு தெரிஞ்சுச்சு. டாக்டர் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாங்க. கனகா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

"இவரு முழிச்சிருக்கத்தான் பாப்பாருன்னு தெரியும் டாக்டர். அதான் பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்தேன். கல்யாணமான நாள்ல இருந்து நான் பேச ஆரம்பிச்சா அரை மணி தாங்க மாட்டாரு. தூங்கிருவாரு."

"பொய் டாக்டர்! இவ பேசுனது ஒண்ணு விடாம எனக்குத் தெரியும். இவ அம்மா ரெண்டு மாசம், ஸ்கூட்டி, பரோட்டா. வரிசையாச் சொல்லவா?"

டாக்டர் பொறுமையாச் சொன்னாங்க. இந்த வியாதிக்காரங்க நெறையப் பேரு இதைத்தான் சொல்லுவாங்களாம். அசந்தது அவங்களுக்கே தெரியாதாம். காத்த ஊதுற மாஸ்க் ஒண்ணு இருக்காம். தூங்கும்போது மூஞ்சியில மாட்டுனா தொண்டை அடைக்காதாம். மூணு மாசம் மாட்டிட்டு, திரும்ப டெஸ்ட் எடுத்து, சரியா இருந்தா நாசிக் போகலாமாம். அது வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாதாம்.

"எனக்கு வியாதியும் இல்ல, மாஸ்க்கும் வேணாம். முழிச்சேதான் இருந்தேன். எம்மக மேல சத்தியம்!"

கனகா என் பக்கம் திரும்பி உக்காந்தா.

"முழுசா முழிச்சிருந்தீங்களா?"

"முழுசா."

"ரெண்டு மணிக்கு நான் முதலாளிக்குப் போன் போட்டேன். வந்தாரு. உங்க தலைமாட்டுல சேர் போட்டு உக்கார வச்சு, காபி குடுத்தேன். நீங்க மூச்சு நின்னு கெடந்ததப் பாத்துட்டு அந்த மனுசன் பயந்துபோயி, 'அழகு, அழகு'ன்னு தோளப் புடிச்சு உலுக்குனாரு. நீங்க திரும்பிப் படுத்தீங்க. அப்புறம் அவரே உங்க சட்டைப் பையில இருந்து லாரிச் சாவிய எடுத்து, கூட வந்த டிரைவர் கருப்புகிட்டக் குடுத்தாரு. அதெல்லாம் தெரியுமா?"

சட்டைப் பையில கைய விட்டேன். சீப்பு மட்டும்தான் கெடந்துச்சு.

"டாக்டர், அந்த மாஸ்க் என் மூஞ்சி சைஸுக்குக் கிடைக்குமா?"ன்னு கேட்டேன்.